அம்மாவுக்கு 2பி-யாக இருந்தது 3ஏ-வாக முற்றிவிட்டதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அம்மாவுக்கு வயது 58. ஒன்பது வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய் வந்தது, 2பி நிலை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன், அப்புறம் பல வருடம் ஹார்மோன் மாத்திரை. நன்றாகத்தான் இருந்தார். இப்போது கழுத்தில் நெறி கட்டி, பயாப்ஸியில் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய், என்று வந்திருக்கிறது. அதில் பெரிய பி செல் வகை. பெட் ஸ்கேனில் கழுத்திலும் வயிற்றிலும் கணுக்கள் தெரிந்ததால் ரிப்போர்ட்டில் 3ஏ என்று எழுதியிருக்கிறார்கள். பழைய நோய்தான் 2பி-யிலிருந்து 3ஏ-வுக்கு முற்றிவிட்டதா, அம்மாவுக்கு ராத்திரியில் வியர்த்ததை நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. 2பி வளர்ந்து 3ஏ ஆகவில்லை. அது ஒரு நோயின் கணக்கு, இது வேறொரு நோயின் கணக்கு. இரண்டிலும் எண்ணும் எழுத்தும் ஒரே மாதிரி இருப்பதால் வந்த குழப்பம். ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் பல வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். ஏற்கெனவே ஒரு புற்றுநோயைத் தாண்டி வந்த வீடுகளில் இந்தக் குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை ஸ்டேஜ் என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் கற்றுக்கொண்டார்களோ, அதே அர்த்தத்தில்தான் இரண்டாம் தடவையும் படிக்கிறார்கள். அதனால் தேவையில்லாத இடத்தில் நடுங்கிப்போகிறார்கள், கவனிக்க வேண்டிய இடத்தைத் தவற விடுகிறார்கள்.

மார்பகப் புற்றுநோய் ஓர் இடத்தில் முளைக்கிறது. கட்டி எவ்வளவு பெரியது, அக்குள் கணுக்களைத் தொட்டிருக்கிறதா, எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தூரமாகப் போயிருக்கிறதா, இதை வைத்து நிலையைச் சொல்கிறார்கள். 2ஏ, 2பி, 3ஏ எல்லாம் அந்தக் கணக்கின் உட்பிரிவுகள். நான்காம் நிலை என்றால் முளைத்த இடத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது என்று பொருள். அந்த எண்ணைக் கேட்டதும் வயிறு கலங்குவது அதனால்தான்.

லிம்போமா வருவது லிம்போசைட் என்ற வெள்ளையணுவில், பி செல், டி செல் எல்லாம் அதன் வகைகள். சுற்றித் திரிவதே அந்த அணுவின் வேலை. ரத்தத்தில் ஏறி, நிணநீர்க் கணுவில் இறங்கி, மண்ணீரலையும் எலும்பு மஜ்ஜையையும் தொட்டு, மறுபடி ரத்தத்துக்கு வந்து காவல் சுற்றுகிற அணு அது. உடம்பில் இப்படிச் சுமார் 600 கணுக்கள் இருக்கின்றன. காவல்காரனே கெட்டுப்போனால் அவனைப் பல தெருவில் பார்க்கத்தானே செய்வோம்? ஃபாலிக்குலர் லிம்போமா என்று மெதுவாக நகரும் ஒரு வகை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் அல்லது நான்காம் நிலையாகத்தான் இருக்கும். அவர்களில் பலருக்கு உடனே சிகிச்சை கூடத் தேவைப்படாது, கண்காணிப்பிலேயே வருடக்கணக்கில் ஓடும். மார்பகப் புற்றுநோயின் நான்காம் நிலையோடு இதை எப்படி ஒப்பிடுவது?

அப்புறம் இந்த "செகண்டரி" என்ற சொல். ஆஸ்பத்திரி வராந்தாவில் செகண்டரி என்றால் பழைய நோய் பரவிவிட்டது என்று அர்த்தம். அதையே டாக்டர் "செகண்ட் பிரைமரி" என்று சொன்னால், முதல் நோயோடு சம்பந்தமில்லாத இரண்டாவது புற்றுநோய் என்று அர்த்தம். காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை. யாராவது உறவினர் "செகண்டரியாமே" என்று போனில் விசாரித்தால், இது வேறு நோய் என்று தைரியமாகத் திருத்திச் சொல்லுங்கள்.

இது வேறு நோய்தான் என்று எப்படி உறுதியாகத் தெரியும்? இங்கே பேசுவது திசு மட்டும்தான். கையால் தொட்டுப் பார்த்தோ ஸ்கேனை வைத்தோ யாரும் முடிவு கட்டக் கூடாது. லிம்போமாக் கணு பொதுவாக வலிக்காது. கெட்டியான ரப்பர் போல, விரலுக்கடியில் லேசாக நழுவும். வேறொரு புற்றுநோய் பரவி வந்த கணு பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும், அடியோடு ஒட்டிக்கொண்டு அசையாது. தொற்றினால் வீங்கியது தொட்டாலே வலிக்கும். மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தருவோம், ஆனால் இந்த விரல் எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறது. காசநோய்க் கணு லிம்போமா போலவே இருக்கும். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த சிலருக்கு, குறிப்பாக எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி எடுத்தவர்களுக்கு, சார்காய்ட் என்ற அழற்சி நோய் மாதிரி, புற்றுநோய் இல்லாமல் வெறும் அழற்சியாகவும் கணுக்கள் வீங்குவதுண்டு. கையில் தடுப்பூசி போட்டால் அந்தப் பக்க அக்குள் கணு சில வாரம் பெட் ஸ்கேனில் ஒளிர்கிறது. ஆகவே, பழைய புற்றுநோய்க்காரர் என்பதால் "திரும்பி வந்திருக்கும்" என்று ஊகித்து மருந்தைத் தொடங்குவதும் தப்பு, "சளி பிடித்திருக்கும்" என்று மாதக்கணக்கில் விடுவதும் தப்பு. என் வழக்கத்தைச் சொல்கிறேன். முன்பு புற்றுநோய் வந்தவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வற்றாத கணு இருந்தால் பார்த்துவிட வேண்டும். காரை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தட்டுப்பட்டால் அந்த இரண்டு வாரம் கூடக் காத்திருக்க மாட்டேன்.

கணுவின் துண்டை ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே மனசு தெளியும். மெல்லியதாகச் சீவி, வெவ்வேறு புரதங்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் சாயங்களைப் போடுகிறார்கள். மார்பகத்திலிருந்து வந்த அணுவாக இருந்தால் சைட்டோகெரட்டின் என்ற சாயம் ஏறும், பெரும்பாலும் கேட்டா3 ஏறும், ஹார்மோன் ஏற்பிக்கான ஈஆர் சாயமும் ஏறலாம். லிம்போமாவாக இருந்தால் வெள்ளையணுக்களின் அடையாளமான சிடி45 ஏறும், பி செல் வகையில் சிடி20 ஏறும். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் "சிடி20 பாசிட்டிவ், சைட்டோகெரட்டின் நெகட்டிவ்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். "பழைய நோயா, புதிய நோயா" என்ற கேள்விக்கு அந்த வரிதான் தீர்ப்பு. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆபரேஷனின் மெழுகுக் கட்டி, அதாவது பிளாக், ஆய்வகத்தில் இன்னும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லலாம்.

வெறும் ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை மட்டும் செய்து லிம்போமா என்று எழுதியிருந்தால் அதோடு நிற்காதீர்கள். கணு முழுசாகவோ, குறைந்தது தடித்த ஊசியால் எடுத்த நீளமான துண்டாகவோ வேண்டும். அணுக்கள் தனித்தனியாக எப்படி இருக்கின்றன என்பதோடு, அவை கணுவுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்தால்தான் லிம்போமாவின் வகையைச் சரியாகச் சொல்ல முடியும். இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். மூச்சு வாங்குகிறது, வீக்கம் இருக்கிறது என்று பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு போட்டு அனுப்பப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு லிம்போமா அணுக்களை வேகமாகக் கரைத்துவிடும். கணு சுருங்கும், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் எடுத்த திசுவில் செத்த அணுக்களைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காது. சில வாரம் கழித்து நோய் திரும்ப வளர்ந்த பிறகுதான் பெயரே தெரியும். உயிருக்கு ஆபத்தான அவசரம் இருந்தால் வேறு வழியில்லை. மற்றபடி, திசு எடுத்த பிறகுதான் ஸ்டீராய்டு.

இப்போது அறிகுறிகளுக்கு வருகிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு. நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்வது எழுத்திலேயே தெரிகிறது. லிம்போமாவில் மூன்று அறிகுறிகளுக்குத் தனி இடம் உண்டு, அவற்றை "பி அறிகுறிகள்" என்பார்கள். காரணம் தெரியாமல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். உடுப்பை மாற்றும் அளவுக்கு ராத்திரி வியர்வை. முயற்சி செய்யாமலே 6 மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவது, 60 கிலோ இருந்தவர் 54-க்குக் கீழே போவது மாதிரி. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நிலையின் எண்ணோடு பி சேர்ப்பார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் ஏ. ஆக, அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் ஏ என்பதற்கு, இந்த மூன்றில் ஒன்றுகூட அவருக்கு இருந்ததாக டாக்டர் கருதவில்லை என்று பொருள். மார்பகக் கணக்கில் இருந்த எழுத்து கட்டியின் அளவையும் கணுவையும் பற்றியது. இங்கே இருக்கும் எழுத்து காய்ச்சல், வியர்வை, எடையைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அப்படியானால் அந்த வியர்வை? மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடும் ஆண்களுக்கும் ராத்திரியில் வியர்ப்பது ரொம்ப சாதாரணம். மார்பிலிருந்து முகத்துக்கு ஒரு சூட்டு அலை ஏறும், முகம் சிவக்கும், போர்வையைத் தள்ளிவிடுவார்கள், சில நிமிடத்தில் அடங்கி அப்புறம் லேசாகக் குளிரும். பகலிலும் வரும். லிம்போமா வியர்வை வேறு மாதிரி. தூக்கத்தில் வரும், எழுந்து பார்த்தால் முதுகுப் பக்கம் துணி பிழியும் அளவுக்கு இருக்கும், தலையணை உறை நனைந்திருக்கும், படுக்கை விரிப்பையே மாற்ற வேண்டி வரும். வாரத்தில் பல நாள் தொடரும். நான் நோயாளிகளிடம் "வியர்க்கிறதா" என்று கேட்பதில்லை, "ராத்திரி எழுந்து எத்தனை தடவை துணி மாற்றினீர்கள்" என்று கேட்பேன். முதல் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதற்கு வரும் பதில்தான் உபயோகம். அம்மாவிடமும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பதில் டாக்டரிடம் சொன்னதிலிருந்து மாறுபட்டால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள், போதும்.

களைப்பு, பசியின்மை, உடம்பெல்லாம் அரிப்பு இவையும் லிம்போமாவில் வரலாம். ஆனால் முன்பு கீமோ எடுத்தவருக்குக் களைப்பு வருடக்கணக்கில் பழகிப்போயிருக்கும், புதிதாக வந்ததைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மார்புக்குள் கணுக்கள் பெருத்தால் வறட்டு இருமல், படுத்தால் மூச்சுத் திணறல், காலையில் முகம் உப்புவது எல்லாம் வரும். மண்ணீரல் வீங்கினால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். மார்பகத்துக்குச் செயற்கை உறை, அதாவது இம்பிளான்ட், வைத்துக்கொண்டவர்கள் தனியாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள உறைகளைச் சுற்றிப் பல வருடம் கழித்து ஓர் அரிய டி செல் லிம்போமா வருவதுண்டு. அந்த மார்பு திடீரென்று நீர் கோத்து வீங்குவதுதான் வழக்கமான அடையாளம். அப்படி வீங்கினால் அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இனி நிலைகள். லிம்போமாவின் கணக்கு 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கூட்டத்தில் உருவானது. அதைப் பெட் ஸ்கேன் காலத்துக்கு ஏற்றபடி திருத்தி 2014-இல் வெளியிட்டார்கள், அதற்குச் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரின் பெயர். கூட்டம் நடந்த ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொள்வது இந்தத் துறையின் பழக்கம், ரிப்போர்ட்டில் பார்த்தால் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 2014 திருத்தத்தில் ஏ, பி எழுத்துகள் லிம்போமாவில் ஹாட்ஜ்கின் என்ற ஒரு வகைக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மற்ற வகைகளுக்கும் பழக்கத்தில் எழுதுகிறவர்கள் உண்டு, உங்கள் அம்மாவுக்கு எழுதியது போல.

உங்கள் உள்ளங்கையை விலா எலும்புகள் முடியும் இடத்தில் குறுக்காக வையுங்கள். கிட்டத்தட்ட அங்கேதான் உள்ளே உதரவிதானம் இருக்கிறது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை. லிம்போமாவின் கணக்கு முழுக்க அந்தக் கோட்டை வைத்துத்தான். ஒரே ஒரு கணுக் கூட்டம் என்றால் முதல் நிலை. கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டங்கள் என்றால் இரண்டாம் நிலை. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இருந்தால் மூன்று. மண்ணீரலைக் கணுவாகவே எண்ணுவார்கள், ஆகவே கழுத்துக் கணுவும் மண்ணீரலும் சேர்ந்தாலும் மூன்றுதான். கணுக்களைத் தாண்டி எலும்பு மஜ்ஜை, ஈரல், நுரையீரல் போன்றவற்றில் பரவலாக இருந்தால் நான்கு. பக்கத்துக் கணுவிலிருந்து ஒட்டியிருக்கும் உறுப்பில் கொஞ்சம் ஏறியிருந்தால் மட்டும் அது நான்கு ஆகாது, ஈ என்று ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். அம்மாவுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் இருப்பதால் மூன்று. இது எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரைபடம். எவ்வளவு நாள் இருப்பார் என்று சொல்லும் கணக்கு இதில் இல்லை.

பெட் ஸ்கேனைப் பற்றி, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. அந்தப் படத்தில் ஒளிர்வது சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் இடங்கள். மூளை, இதயம், சிறுநீர்ப்பை எல்லாம் நோயில்லாதவருக்கும் ஒளிரலாம். ஒளிர்கிற புள்ளி எல்லாம் ஒரே நோய் என்றும் நினைக்கக் கூடாது. எங்களிடம் வந்த ஒருவருக்கு முன்பு பெருங்குடல் புற்றுநோய் இருந்தது. கழுத்துக் கணுவின் பயாப்ஸி லிம்போமா. பெட்டில் கழுத்து, நெஞ்சு, கூடவே ஈரலில் ஒரே ஒரு புள்ளி. நாலாம் நிலை என்று எழுதிவிடலாம், எழுதியும் வந்திருந்தது. அந்த ஒற்றைப் புள்ளி மட்டும் பொருந்தவில்லை என்று ஊசி போட்டு எடுத்துப் பார்த்தபோது, அது பழைய குடல் புற்றுநோய். லிம்போமா இரண்டாம் நிலை, குடல் நோய்க்குத் தனி சிகிச்சை. இரண்டையும் ஒன்றாக எண்ணியிருந்தால் இரண்டு சிகிச்சையுமே கோணலாகப் போயிருக்கும். அம்மாவின் ஸ்கேனில் எலும்பிலோ ஈரலிலோ தனியாக ஏதாவது குறிப்பிட்டிருந்தால், அதை லிம்போமா என்றே எடுத்துக்கொண்டார்களா, சோதித்தார்களா என்று கேளுங்கள்.

சரி, மூன்றாம் நிலை என்பதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? அம்மாவுக்கு வந்திருக்கும் பெரிய பி செல் வகைக்கு 1993-இலிருந்து ஐந்து கேள்வி வைத்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். வயது 60-ஐத் தாண்டிவிட்டதா, ரத்தத்தில் எல்டிஹெச் என்ற நொதி கூடியிருக்கிறதா, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் தெம்பு இருக்கிறதா, கணுவுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா, நிலை மூன்று அல்லது நான்கா. ஐந்தில் ஒன்றுதான் நிலை. எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வகையில் பத்தில் ஆறு பேர் வரை முதல் சிகிச்சையிலேயே முழுமையாகக் குணமாகிறார்கள். வேகமாக வளரும் நோய்தான், ஆனால் வேகமாக வளரும் அணுக்களைத்தான் கீமோவும் நன்றாக அடிக்கும்.

"முதல் சிகிச்சையால்தான் இது வந்ததா" என்று அம்மா கேட்பார். ரேடியேஷனும் சில கீமோ மருந்துகளும் பின்னாளில் ரத்த நோய்களின் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுவது உண்மை. ஆனால் அதில் அதிகம் பேசப்படுவது லுகேமியா வகைகள். லிம்போமா வயது ஏற ஏறப் பலருக்கும் தானாகவே வருகிற நோய். ஒருவருக்கு எதனால் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அன்று எடுத்த சிகிச்சை அவருக்கு ஒன்பது வருடத்தைக் கொடுத்தது, அதை அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் பழைய சிகிச்சை ஓர் இடத்தில் நிஜமாகவே முக்கியம், நான் உங்களை உடனே ஓடச் சொல்வது அதற்காகத்தான். அம்மாவுக்கு அன்று சிவப்பு நிற மருந்து ஏற்றினார்களா? அது டாக்ஸோரூபிசினாக இருக்கலாம். அதற்கு வாழ்நாள் அளவு உண்டு, தாண்டினால் இதயத் தசை பலவீனமாகும். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்குப் பொதுவாக 450 முதல் 550 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். மார்பகத்துக்கு வழக்கமான நான்கு தவணையில் 60 வீதம் 240 போயிருக்கும். இப்போது லிம்போமாவுக்கு வழக்கமாகத் தரும், பல மருந்துகள் சேர்ந்த ஆர்-சாப் சிகிச்சையிலும் அதே மருந்து இருக்கிறது, 50 வீதம் ஆறு தவணைக்கு 300. கூட்டினால் 540. எல்லையைத் தொட்டுவிடுகிறது. இடது மார்பில் ரேடியேஷன் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதே சிவப்பில் எபிரூபிசின் என்று இன்னொரு மருந்தும் இருக்கிறது, அதன் கணக்கு வேறு. ஆர்-சாப்பில் உள்ள டாக்ஸோரூபிசினை எட்டோபோசைட் போன்ற வேறொன்றாக மாற்றவோ, தவணையைக் குறைக்கவோ வழி உண்டு. ஆனால் பழைய கணக்கு தெரியாத டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்? டிஸ்சார்ஜ் அட்டை மட்டும் போதாது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை தவணை என்று இருக்கும் கீமோ தாளைப் பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் கேட்டு வாங்குங்கள். அன்று போட்ட மருந்தால் கால் விரலில் மரத்துப்போன உணர்வு இன்னும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆர்-சாப்பில் உள்ள வின்கிரிஸ்டின் அதை அதிகமாக்கும். முதல் தவணைக்கு முன் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும், ஹெபடைட்டிஸ் பி ரத்தச் சோதனையும் முடிந்ததா என்று பாருங்கள். ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் அந்த வைரஸை எழுப்பிவிடலாம்.

சிகிச்சை தொடங்கி சில தவணைக்கு அப்புறம் மறுபடி பெட் எடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் டோவில் ஸ்கோர் என்று 1 முதல் 5 வரை இன்னொரு எண் இருக்கும். மிச்சமிருக்கும் ஒளியை ஈரலின் ஒளியோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண் அது, நோயின் நிலை அல்ல. 1, 2, 3 எல்லாம் நல்ல பதில் என்றே எடுத்துக்கொள்வார்கள். 4 என்று வந்தால் ஈரலை விடக் கொஞ்சம் அதிகமாக ஒளிர்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அதன் பிறகு என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். "3 இருந்தது, இப்போது 4 ஆகிவிட்டதே" என்று அன்றைக்கும் ஒரு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்காதீர்கள்.